கருவி எச்சரிக்கட்டும், முடிவு உங்களுடையது: தீயணைப்பு, அவசரப் பணிகளில் ஏஐயைப் பொறுப்போடு பயன்படுத்த ஒரு வழிகாட்டி

டென்மார்க்கின் கோபன்ஹேகனில், அவசர மருத்துவ அழைப்புகளைக் காது கொடுத்துக் கேட்டு, "இங்கே ஒருவருக்கு இதயம் நின்றிருக்கிறது" என்று சொல்லும் ஒரு ஏஐ கருவியைச் சோதித்தார்கள். 2014ஆம் ஆண்டில் பதிவான 1,08,607 அழைப்புகளை அதற்குப் போட்டுக் காட்டினார்கள். அவற்றில் 918 அழைப்புகள் உண்மையாகவே இதயம் நின்றவர்களுக்கானவை. அழைப்பு எடுத்த மனிதர்கள் அவற்றில் 72.5 சதவீதத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். கருவி 84.1 சதவீதத்தைக் கண்டுபிடித்தது. மனிதர்களுக்கு 54 நொடி எடுத்த இடத்தில் கருவிக்கு 44 நொடி போதுமாக இருந்தது. இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. அந்தக் கணக்கில் 10 நொடி சின்ன விஷயம் இல்லை.

அடுத்து அதே கருவியை உண்மையான கட்டுப்பாட்டு அறைக்குள் கொண்டுவந்தார்கள். 2018 செப்டம்பர் முதல் 2019 டிசம்பர் வரை, கருவி சந்தேகப்பட்ட அழைப்புகளில் பாதிக்கு மட்டும் திரையில் எச்சரிக்கை காட்டினார்கள், மீதிப் பாதிக்குக் காட்டவில்லை. எது எந்தப் பாதி என்பதைக் குலுக்கல் போலத் தீர்மானித்தார்கள். எச்சரிக்கை பார்த்தவர்கள் 93.1 சதவீதத்தையும், பார்க்காதவர்கள் 90.5 சதவீதத்தையும் கண்டுபிடித்தார்கள். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதுதான் ஆய்வின் முடிவு.

இந்த இரண்டு ஆய்வுகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்த நாளிலிருந்து, ஏஐ பற்றி யார் என்னிடம் கேட்டாலும் நான் தொடங்குவது இங்கேதான். தனியாக நிற்கும்போது கருவி மனிதரைவிட நன்றாகச் செய்தது. மனிதரோடு சேர்ந்தபோது கிட்டத்தட்ட ஒன்றும் மாறவில்லை. ஆகவே "இந்தக் கருவி எவ்வளவு துல்லியம்?" என்ற கேள்வி மட்டும் போதாது. "இந்தக் கருவியோடு எங்கள் ஆட்கள் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறார்கள்?" என்று கேட்க வேண்டும். அதை அளந்து பார்க்காமல் எதையும் பணியில் இறக்கக் கூடாது.

நிலையத்தில் புதிதாகச் சேர்ந்தவர், கட்டுப்பாட்டு அறையில் அழைப்பு எடுக்கப் பழகுபவர், "இதை வாங்கலாமா, பார்த்துச் சொல்" என்று மேலதிகாரி அனுப்பிவைத்தவர் என மூன்று பேரையும் மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதல் படி: தவறைத் திருத்த எவ்வளவு நேரம் கிடைக்கும்?

எந்த வேலைக்கு ஏஐயைப் பயன்படுத்தலாம் என்று யோசிக்கும்போது, அது தவறு செய்தால் அதைக் கவனித்துத் திருத்த நமக்கு எவ்வளவு நேரம் இருக்கும் என்று முதலில் பாருங்கள். வாரக்கணக்கா, நிமிடக்கணக்கா, நொடிக்கணக்கா?

கட்டடங்களை ஆய்வு செய்யும் பட்டியலை ஒழுங்குபடுத்துவது வாரக்கணக்கு. அமெரிக்காவின் அட்லாண்டா நகரத் தீயணைப்புத் துறைக்காக 'ஃபயர்பேர்ட்' என்றொரு கருவியை உருவாக்கி, 2016இல் அதைப் பற்றி வெளியிட்டார்கள். 5,000க்கும் மேற்பட்ட கட்டடங்களுக்குத் தீ ஆபத்து மதிப்பெண் போட்டது அது. ஆய்வுப் பட்டியலிலேயே இல்லாமலிருந்த 6,096 இடங்களையும் எடுத்துக்காட்டியது. இங்கே கருவி தவறாகச் சொன்னால், ஆபத்து குறைந்த ஒரு கட்டடத்துக்கு ஒருவர் போய்த் திரும்பியிருப்பார், அவ்வளவுதான். பழகுவதற்கு இது நல்ல இடம்.

காட்டுத்தீயைக் கேமரா வழியாகக் கவனிப்பது நிமிடக்கணக்கு. கலிபோர்னியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேமராக்கள் மலைகளையும் காடுகளையும் பார்த்துக்கொண்டிருக்கின்றன. 2023இலிருந்து அந்தப் படங்களில் புகை தெரிகிறதா என்று ஏஐ தேடுகிறது. அது சந்தேகப்படும் இடத்தை ஒரு மனிதர் கேமராவில் பார்த்து உறுதிசெய்த பிறகே வண்டி கிளம்பும். மூடுபனியும் புழுதியும் தாழ்ந்த மேகமும் கேமராவுக்குப் புகை மாதிரியே தெரியும் என்பதால் அந்த மனிதர் அங்கே கட்டாயம் இருந்தாக வேண்டும்.

அழைப்புகளுக்கு முன்னுரிமை போடுவது, தீ எரியும் கட்டடத்துக்குள் இருப்பவர்களுக்கு எச்சரிக்கை தருவது ஆகியவை நொடிக்கணக்கு. பலன் அதிகம் கிடைக்கக்கூடிய இடமும் இதுதான், திருத்த நேரமில்லாத இடமும் இதுதான். உங்கள் அமைப்பு ஏஐக்குப் புதிது என்றால் இங்கே தொடங்காதீர்கள். ஒரு வருடமாவது முதல் வகை வேலைகளில் பழகிவிட்டு வாருங்கள்.

இரண்டாம் படி: எந்தத் தீயைப் பார்த்துக் கற்றது?

அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனமான நிஸ்ட், ஃபிளாஷ்ஓவரை முன்கூட்டிச் சொல்லும் ஒரு கருவியை உருவாக்கியது. ஃபிளாஷ்ஓவர் என்றால் அறைக்குள் இருக்கும் பொருள்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும் நிலை. வெப்பம் 600 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போகும்போது இது நடக்கும். உள்ளே இருக்கும் வீரருக்கு அதன்பின் வெளியே வர நேரமிருக்காது. வீட்டிலுள்ள வெப்ப உணரிகள் 150 டிகிரி அளவிலேயே செத்துப்போகும். அவை செத்த பிறகும், அதுவரை கிடைத்த அளவுகளை வைத்து அடுத்த 30 நொடிக்குள் ஃபிளாஷ்ஓவர் வருமா என்று சொல்வதுதான் அந்தக் கருவியின் வேலை. கணினியில் உருவாக்கிய ஆயிரக்கணக்கான தீ விபத்துகளைப் பார்த்து அது கற்றிருந்தது.

பிறகு உண்மையான வீடுகளில் தீ வைத்து நடத்திய சோதனைகளின் அளவுகளை அதற்குக் கொடுத்தார்கள். சமையலறையிலும் வரவேற்பறையிலும் தொடங்கிய தீயில் நன்றாகச் செய்தது. படுக்கையறையில் தொடங்கிய தீயில் தடுமாறிவிட்டது. காரணம் எளிது. படுக்கையறை சின்னது, மூடியது. வெப்பம் வெளியேற வழியில்லாததால் கருவி கற்றுக்கொண்ட வேகத்தைவிட மிக விரைவாக ஏறியது. தங்கள் கருவி எங்கே சறுக்கியது என்பதை ஆராய்ச்சியாளர்களே வெளியில் சொன்னார்கள், அடுத்த வடிவத்தை இன்னும் பலவகை வீட்டு அமைப்புகளில் பழக்கினார்கள். ஒரு கருவியை உங்களிடம் விற்க வருபவரிடம் நீங்கள் எதிர்பார்க்க வேண்டியதும் இந்த நேர்மையைத்தான்.

அதனால் கேட்க வேண்டியது: உங்கள் 'படுக்கையறை' எது? கருவி பார்த்தே இராத கட்டட வகை எது, கேட்டே இராத பேச்சு வழக்கு எது? அழைப்பைக் கேட்கும் கருவி என்றால் குழந்தைகளின் குரல், அழுகை, இருமல், வண்டிச் சத்தத்துக்கு நடுவே கத்தும் குரல் எல்லாம் அதன் பயிற்சியில் இருந்தனவா? அமெரிக்காவில் ஐந்து பெரிய நிறுவனங்களின் பேச்சறியும் மென்பொருள்களைச் சோதித்து 2020இல் வெளியான ஆய்வில், வெள்ளையர் பேச்சில் நூறு சொல்லுக்கு 19 பிழையும் கறுப்பர் பேச்சில் 35 பிழையும் வந்தன. மொத்த சராசரியை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்தே இருக்காது. எண்ணிக்கையை எப்போதும் பிரித்துக் கேளுங்கள்.

தரவில் இன்னொரு வலையும் உண்டு. எங்கே போய் ஆய்வு செய்தோமோ அங்கேதான் குறைகள் பதிவாகியிருக்கும். போகாத இடம் பதிவில் சுத்தமாகத் தெரியும். அந்தப் பதிவைப் பார்த்துக் கற்ற கருவி, மறுபடி போன இடத்துக்கே அனுப்பும். இதற்கு எளிய மருந்து, ஆய்வுகளில் ஒரு சிறு பங்கைக் கருவி சொல்வதைப் பார்க்காமல் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுப்பது. கணினிக்குக் கொடுக்கும் அளவுகள் தவறாக இருந்தால் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதை, ஏஐ என்ற பேச்சு பரவலாவதற்கு வெகு முன்பே நியூயார்க் பார்த்திருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் கணினி மாதிரிகளின் துணையோடு எந்தத் தீயணைப்புக் குழுக்களை மூடலாம் என்று அங்கே முடிவெடுத்தார்கள். வண்டி போய்ச் சேரும் நேரம்தான் முக்கிய அளவுகோல். தீ அதிகம் பிடித்துக்கொண்டிருந்த ஏழைப் பகுதிகளும் குழுக்களை இழந்தன. அளவுகோலைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் பின்னால் எவ்வளவு சரியாகக் கணக்குப் போட்டாலும் பயனில்லை.

மூன்றாம் படி: ஒரு நாளைக்கு எத்தனை எச்சரிக்கை?

பலரும் தாண்டிப் போய்விடும் படி இது. ஒரு காகிதம் போதும்.

கோபன்ஹேகன் எண்களையே எடுத்துக்கொள்வோம். 10,000 அழைப்புகள் வந்தால் சுமார் 85 பேருக்கு இதயம் நின்றிருக்கும். கருவி அவர்களில் 71 பேரைப் பிடிக்கும், 14 பேரை விட்டுவிடும். மீதி 9,915 அழைப்புகளில் 97.3 சதவீதத்தைச் சரியாக ஒதுக்கிவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 2.7 சதவீதம் என்பது 268 அழைப்பு. ஆக மொத்தம் 339 எச்சரிக்கை, அதில் 71 உண்மை. ஐந்துக்கு ஒன்று. நாளைக்கு 500 அழைப்பு எடுக்கும் அறை என்றால் ஒரு நாளைக்கு 17 எச்சரிக்கை வரும், மூன்று நான்கு உண்மையாக இருக்கும்.

கருவி மோசம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அதே ஆய்வில் மனிதர்கள் சந்தேகப்பட்டதிலும் மூன்றில் ஒன்றுதான் சரியாக இருந்தது. அரிதான ஒன்றைத் தேடும்போது யார் தேடினாலும் இப்படித்தான் அமையும். பொய் எச்சரிக்கைக்கு நாம் என்ன விலை கொடுக்கிறோம் என்பதை வைத்துத்தான் இந்த ஐந்துக்கு ஒன்றைத் தாங்கலாமா என்று முடிவு செய்ய வேண்டும். எச்சரிக்கை வந்ததும் அழைப்பு எடுப்பவர் "ஆள் கண் விழித்துப் பேசுகிறாரா? மூச்சு சீராக இருக்கிறதா?" என்று இன்னொரு முறை கேட்பார் என்றால் பத்து நொடிதான் செலவு, தாராளமாகத் தாங்கலாம். அதே விகிதத்தில் ஒரு கருவி மூன்று வண்டிகளைத் தானாகக் கிளப்பிவிடும் என்றால், அந்த வண்டிகள் காக்க வேண்டிய பகுதி ஒவ்வொரு முறையும் காலியாகிவிடும். அதைத் தாங்க முடியாது.

அப்புறம், ஆட்களின் களைப்பு. நான்கு முறை பொய்யாக மணியடித்தால் ஐந்தாவது முறை கை தானாகவே 'மூடு' பொத்தானுக்குப் போகும். அந்தக் கையைக் குறை சொல்லிப் பயனில்லை. எச்சரிக்கையின் எண்ணிக்கையைக் குறையுங்கள், அல்லது அது கேட்கும் வேலையை இலகுவாக்குங்கள்.

நான்காம் படி: நிழலாக ஓடவிடுங்கள்

கருவியை இயக்குங்கள், ஆனால் அது சொல்வதைப் பணியில் இருப்பவருக்குக் காட்டாதீர்கள். பின்னணியில் அது ஓடட்டும். பரபரப்பான காலமும் அமைதியான காலமும் இரண்டும் அடங்கும்வரை ஓடட்டும். பண்டிகை, கோடை, மழை என்று அழைப்புகளின் தன்மையே மாறும்.

பதிவேட்டில் ஐந்து கட்டங்கள் போதும்: நேரம், அழைப்பு எண், மனிதர் எடுத்த முடிவு, கருவி சொன்னது, இடத்துக்குப் போய்ப் பார்த்தபோது இருந்தது. கடைசிக் கட்டம்தான் உயிர்நாடி, அடிக்கடி காலியாகக் கிடப்பதும் அதுதான். களத்துக்குப் போன குழுவிடமிருந்தும் மருத்துவமனையிடமிருந்தும் தகவல் திரும்பி வரும் வழியை முதலில் ஏற்பாடு செய்யுங்கள். அது இல்லையென்றால் யார் சரி என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

கருவி எச்சரித்ததை மட்டும் சரிபார்த்து நிறுத்திவிடாதீர்கள். அது வாய் திறக்காத அழைப்புகளில் உண்மை எத்தனை என்று தேடுங்கள். இந்த வேலை சலிப்பானது, ஒரு ஆள் உட்கார்ந்து பழைய பதிவுகளைக் கேட்க வேண்டும். ஆனாலும் மேலே சொன்ன அந்த 14 பேர் அங்கேதான் இருக்கிறார்கள்.

நிழல் ஓட்டம் திருப்தியாக இருந்தால், கோபன்ஹேகனில் செய்ததுபோலப் பாதி அழைப்புகளுக்கு மட்டும் எச்சரிக்கையைக் காட்டுங்கள். இரண்டு பாதிகளையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் இல்லையென்றால், கருவியைக் குறை சொல்லும் முன் அறையைப் பாருங்கள். எச்சரிக்கை திரையில் எங்கே தோன்றுகிறது? அந்த நொடியில் அழைப்பு எடுப்பவரின் கண் எங்கே இருக்கிறது? அவருக்கு இதில் பயிற்சி கொடுத்தோமா?

ஐந்தாம் படி: யார் முடிவெடுப்பது என்று எழுதிவையுங்கள்

"மனிதர் மேற்பார்வை உண்டு" என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுவார்கள். எந்த மனிதர், எந்த நொடியில், என்ன செய்யும் அதிகாரத்தோடு? இதைப் பதவி வாரியாக எழுத வேண்டும். ஷிப்ட் பொறுப்பாளரா, அழைப்பு எடுப்பவரா, களத்தில் இருக்கும் அதிகாரியா?

நான் எப்போதும் பரிந்துரைக்கும் விதி இது: கருவி அவசரத்தைக் கூட்டலாம், குறைக்கக் கூடாது. சாதாரணம் என்று மனிதர் நினைத்ததை "அவசரமாக இருக்கலாம்" என்று கருவி உயர்த்தினால் ஏற்றுக்கொள்ளலாம். அவசரம் என்று மனிதர் முடிவெடுத்ததை "தேவையில்லை" என்று கருவி தாழ்த்த இடமே கொடுக்காதீர்கள். ஆளில்லா விமானத்தின் வெப்பப் படத்தில் கருவி "யாரும் இல்லை" என்று சொன்னால் அதற்குப் பொருள் "நான் பார்க்கவில்லை" என்பது மட்டுமே. கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவரை வெப்பக் கேமராவால் பார்க்க முடியாது. தேடலை நிறுத்த அது காரணமாகாது. ஃபிளாஷ்ஓவர் கருவி அமைதியாக இருப்பதும் உள்ளே போக அனுமதிச் சீட்டு ஆகாது.

எச்சரிக்கையின் வாசகத்தையும் பாருங்கள். திரையில் "இதய நிறுத்தம் 78%" என்று வந்தால் அழைப்பு எடுப்பவர் என்ன செய்வார்? 78 என்பது அதிகமா, குறைவா? எதிர்முனையில் ஒருவர் அழுதுகொண்டிருக்கும்போது அதை யோசிக்க யாருக்கு நேரம்? அதற்குப் பதிலாக "மூச்சைப் பற்றி மறுபடி கேளுங்கள்" என்று வந்தால் அடுத்து வாயில் வர வேண்டிய கேள்வி கையில் இருக்கிறது.

இன்னொன்று, இது நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு. கருவி சொன்னதைக் கேட்டுத் தவறு செய்தவரை விட்டுவிட்டு, கருவியை மீறித் தவறு செய்தவரை மட்டும் விசாரித்தால், ஒரே மாதத்தில் யாரும் கருவியை மீற மாட்டார்கள். அப்போது மேற்பார்வை காகிதத்தில் மட்டும்தான் இருக்கும். மீறும்போது அந்த இடத்திலேயே காரணம் எழுதச் சொல்லாதீர்கள், ஒரே தட்டலில் மீற முடியட்டும். ஷிப்ட் முடிந்த பிறகு, இரண்டு வகைத் தவறுகளையும் ஒரே மாதிரி உட்கார்ந்து பேசுங்கள்.

சட்டமும் இந்தப் பக்கம் வந்துவிட்டது. 2024 ஆகஸ்ட் 1இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம், அவசர அழைப்புகளை மதிப்பிட்டு வகைப்படுத்தும் கருவிகளையும், காவல், தீயணைப்பு, மருத்துவ உதவியை எந்த வரிசையில் அனுப்புவது என்று தீர்மானிக்கும் கருவிகளையும் உயர் ஆபத்து வகையில் வைத்திருக்கிறது. கருவி சொல்வதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் மனிதப் போக்கை மேற்பார்வையாளர்கள் உணர்ந்திருக்க வேண்டும் என்றுகூட அதில் எழுதியிருக்கிறது. நீங்கள் அந்தச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே இருந்தாலும் எதைக் கேட்க வேண்டும் என்பதற்கு அது நல்ல பட்டியல்.

ஆறாம் படி: எழுதும் ஏஐயிடம் கூடுதல் கவனம்

சாட்பாட், குரலை எழுத்தாக்கும் கருவி, மொழிபெயர்க்கும் கருவி ஆகியவை கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. அதனால் யாரும் அனுமதி கேட்பதில்லை, சோதித்துப் பார்ப்பதுமில்லை. எனக்கு அதிகம் பயம் தருவது இவைதான்.

ஓப்பன்ஏஐயின் விஸ்பர் என்ற குரல் எழுத்தாக்கக் கருவியை ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வில், சுமார் 1 சதவீத ஒலித்துண்டுகளில் யாரும் பேசாத வாக்கியங்களை அது தானாக எழுதியிருந்தது. அப்படி எழுதியவற்றில் 38 சதவீதம், வன்முறை போன்ற, ஒருவருக்குத் தீங்கு செய்யக்கூடிய விஷயங்கள். பேச்சில் மௌன இடைவெளி அதிகமுள்ளவர்களிடம் இது கூடுதலாக நடந்தது. இப்போது ஓர் அவசர அழைப்பை நினைத்துப் பாருங்கள். ஒரு பெண் ஒரு சொல் சொல்கிறார். ஆறு நொடி மௌனம். ஏதோ உரசும் சத்தம். மறுபடி ஒரு கிசுகிசுப்பு. பயிற்சி பெற்ற காதுக்கு அந்த மௌனமே தகவல், அவரால் பேச முடியாத நிலை என்று புரியும். எழுத்தாக்கக் கருவி அந்த மௌனத்தைச் சொற்களால் நிரப்பிவிடக்கூடும். ஆகவே ஒலிப்பதிவுதான் ஆவணம், எழுத்து வெறும் உதவி. ஒலியை அழிக்கும் எந்தக் கருவியும் இந்த வேலைக்கு ஆகாது.

அபாயகரமான பொருள்கள் பற்றிய தகவலைச் சாட்பாட்டிடம் கேட்டு நடக்காதீர்கள். லாரியின் ஆரஞ்சுப் பலகையில் 1005 என்றிருந்தால் அது நீரற்ற அமோனியா. 1050 என்றிருந்தால் நீரற்ற ஹைட்ரஜன் குளோரைடு. ஒன்று காரம், மற்றொன்று தண்ணீரோடு சேர்ந்தால் அமிலம். கையுறையோடு தட்டச்சு செய்யும்போது இலக்கம் மாறுவது ஒரு கணம். தவறான எண்ணுக்கும் சாட்பாட் தயங்காமல், அழகான வாக்கியத்தில் பதில் சொல்லும். வண்டியில் இருக்கும் அவசரக் கையேட்டைத் திறங்கள். எண்ணை வயர்லெஸில் சத்தமாகப் படித்து, மறுமுனை திருப்பிச் சொல்லக் கேளுங்கள்.

சம்பவ அறிக்கைக்கு ஏஐ உதவியை வாங்கலாம், ஒரு நிபந்தனையோடு. போய்ச் சேர்ந்த நேரம், முதலில் கண்டது, செய்தது, யாரை எங்கிருந்து மீட்டது, எப்போது தீ கட்டுக்குள் வந்தது என்ற ஐந்தையும் முதலில் நீங்களே எழுதுங்கள். அப்புறம் வாக்கியத்தைச் சீராக்க மட்டும் கருவியிடம் கொடுங்கள். வந்ததை உங்கள் ஐந்து வரிகளோடு ஒப்பிட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். "தீயணைப்பு வீரர்கள் விரைந்து செயல்பட்டு" என்று நீங்கள் எழுதாத ஒன்று அதில் இருந்தால் அடித்துவிடுங்கள். அந்த அறிக்கை நாளை நீதிமன்றத்துக்குப் போகலாம், அங்கே நிற்கப்போவது நீங்கள்.

மொழிபெயர்ப்பு: மொழி தெரிந்தவர் இணைப்பில் வரும்வரை தற்காலிகமாகப் பயன்படுத்தலாம். முகவரியை மட்டும் எப்போதும் திருப்பிச் சொல்லி உறுதிசெய்யுங்கள்.

ஏழாம் படி: அழைத்தவரின் தகவல்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஒருவர் தன் வாழ்வின் மிக மோசமான நிமிடத்தில் நம்மை நம்பிச் சொன்னதை, பொதுவான சாட்பாட்டில் ஒட்டாதீர்கள். பெயர், முகவரி, நோய், விபத்துப் படம் எதையும். துறை ஒப்பந்தம் போட்ட கருவி என்றால்கூடப் பதிவுகள் எங்கே சேமிக்கப்படுகின்றன, எத்தனை நாள் இருக்கும், விற்ற நிறுவனம் தன் அடுத்த கருவியைப் பழக்க அவற்றை எடுத்துக்கொள்ளுமா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது.

எட்டாம் படி: கருவி இல்லாத நாளுக்குப் பழகுங்கள்

1992 அக்டோபர் 26 அன்று லண்டன் ஆம்புலன்ஸ் சேவை, வண்டிகளை அனுப்பும் வேலையைப் புதிய கணினி முறைக்கு மாற்றியது. எந்த வண்டி எங்கே இருக்கிறது என்ற தகவல் கணினிக்குச் சரியாகப் போகவில்லை. தவறான தகவலை வைத்துத் தவறான வண்டியை அனுப்பியது. எச்சரிக்கைச் செய்திகள் திரையில் குவிந்து, முக்கியமானவை மேலேறிப் பார்வையிலிருந்து மறைந்தன. உதவி வராத மக்கள் மறுபடி மறுபடி அழைத்தார்கள், அந்த அழைப்புகளும் சேர்ந்து நெரிசலைக் கூட்டின. மறுநாளே பாதிக் கைமுறைக்குத் திரும்பினார்கள். நவம்பர் 4 அதிகாலையில் முறை அடியோடு நின்றது. நிரலில் விட்டுப்போன ஒரு சிறு துண்டு, சர்வரின் நினைவகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்திருந்தது. மாற்று ஏற்பாடும் கைகொடுக்கவில்லை. கடைசியில் காகிதத்தை வைத்துத்தான் வேலையை நடத்தினார்கள்.

காகிதத்துக்குத் திரும்ப அவர்களால் முடிந்ததற்குக் காரணம், காகிதத்தில் வேலை செய்யத் தெரிந்தவர்கள் இன்னும் அங்கே இருந்தார்கள். பத்து வருடம் ஏஐயோடு மட்டுமே பழகிய அறையில் அப்படி யார் இருப்பார்கள்? அதனால் மாதம் ஒரு முறையாவது, பயிற்சி அழைப்புகளை வைத்து, கருவியை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் வேலை செய்து பாருங்கள். வரைபடத்தைத் தாளில் விரித்து முகவரி கண்டுபிடியுங்கள். அழைப்பவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் திரையைப் பார்க்காமல் மனப்பாடமாகக் கேளுங்கள். அணைக்கும் பொத்தான் எங்கே, அதை அழுத்த யாருக்கு அதிகாரம் என்பது இரவு ஷிப்டில் இருக்கும் கடைசி ஆளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். மென்பொருளில் மாற்றம் செய்தால், சின்ன மாற்றமே ஆனாலும், நிழல் ஓட்டத்தைக் குறுகிய அளவில் மறுபடி நடத்துங்கள்.

உங்கள் முதல் வாரம்

பெரிய திட்டம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் நாள், உங்கள் நிலையத்திலோ அறையிலோ ஏற்கெனவே ஏஐ எங்கெல்லாம் இருக்கிறது என்று ஒரு பட்டியல் போடுங்கள். கேமராவில், அழைப்பு மென்பொருளில், வரைபடத்தில், சக ஊழியர்களின் கைப்பேசியில். நீங்கள் நினைத்ததைவிட நீளமாக வரும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது தவறினால் யார் கவனிப்பார், எவ்வளவு நேரத்தில் என்று எழுதுங்கள். காலியாக நிற்கும் வரிகளுக்குக் கீழே கோடு போடுங்கள்.

இரண்டாம் நாள் அந்த அறையில் அதிக வருடம் இருக்கும் ஒருவரோடு உட்காருங்கள். கருவி சொன்னதை அவர் மீறிய ஒரு சம்பவத்தைச் சொல்லச் சொல்லுங்கள். "என்ன கேட்டது உங்களுக்கு? எதை வைத்து மாற்றிக்கொண்டீர்கள்?" என்று விடாமல் கேளுங்கள். எந்தப் பயிற்சி ஏட்டிலும் இல்லாத விஷயங்கள் அங்கே கிடைக்கும்.

மூன்றாம் நாள், முன்பு சொன்ன ஐந்து கட்டப் பதிவேட்டைத் திறந்து முதல் வரியை எழுதுங்கள். ஐந்தாவது கட்டத்தை நிரப்ப யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரியவில்லையா? சரி, அந்தத் தொலைபேசி எண்ணைக் கண்டுபிடிப்பதுதான் வாரத்தின் மீதி நாட்களுக்கு உங்கள் வேலை.